கேளுங்கள், ஜார்ஜ் டவுன் தபால்காரர் சொல்கிறார்

(சென்னை ஜார்ஜ் டவுனில் பல வருடம் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், அந்தப் பேட்டையைப் பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறார்.)

வெள்ளைக்காரர்கள் காலத்தில் ஜார்ஜ் டவுனைக் கறுப்பர் நகரம் என்று அழைத்ததாகப் படித்தேன். அது இப்போது இருக்கும் இதே இடம்தானா?
*கல்லூரி மாணவர், சேலம்*

இல்லை தம்பி. முதல் கறுப்பர் நகரம் இருந்த இடத்தில் இன்று உயர் நீதிமன்றம் நிற்கிறது. 1640ல் கிழக்கிந்தியக் கம்பெனி கோட்டை கட்டத் தொடங்கியதும், அதன் வடக்குச் சுவரை ஒட்டி நெசவாளர்களும் சாயக்காரர்களும் துபாஷிகள் என்ற மொழிபெயர்ப்பாளர்களும் குடியேறினார்கள். அவர்கள் கட்டிக்கொண்ட ஊருக்குத்தான் வெள்ளைக்காரர்கள் அந்தப் பெயரை வைத்தார்கள். நூறு வருடம் அந்த ஊர் நன்றாக வளர்ந்தது. நடுவில் சென்னகேசவப் பெருமாளுக்குப் பெரிய கோயில்கூட இருந்தது.

1746ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். கோட்டைக்கு மிக அருகில் இருந்த வீடுகளை அவர்களே இடித்தார்கள். 1749ல் ஊர் திரும்பக் கைக்கு வந்ததும், மீதி வீடுகளை இங்கிலீஷ்காரர்கள் இடிக்க ஆரம்பித்தார்கள். எதிரி அந்த வீடுகளில் ஒளிந்துகொண்டு கோட்டையைச் சுடக்கூடாது என்பது அவர்கள் சொன்ன காரணம். சென்னகேசவர் கோயிலும் அதில் போயிற்று. 1758 கடைசியில் பிரெஞ்சுத் தளபதி லாலி படையோடு வந்து கோட்டையை முற்றுகையிட்டபோது அவர்கள் பயந்தது நடந்தும்விட்டது. அதன் பிறகு கோட்டைக்கு முன்னால் வீடே இருக்கக்கூடாது என்று வெட்டவெளியாக்கி, இந்த எல்லைக்குள் யாரும் எதுவும் கட்டக்கூடாது என்று 1773ல் தூண்கள் நட்டார்கள். அந்தத் தூண்களில் ஒன்று மட்டும் பாரிமுனையில் டேர் ஹவுஸ் ஓரத்தில் இன்னும் நிற்கிறது. நீ பஸ் ஏறும் அவசரத்தில் அதைத் தாண்டியிருப்பாய். அடுத்த முறை நின்று பார்த்துவிட்டுப் போ. ஓர் ஊரையே இடம் பெயர்த்ததற்கு மிச்சமிருக்கும் சாட்சி அது.

வீடு இழந்தவர்கள் வடக்கே முத்தியால்பேட்டையிலும் பெத்தநாயக்கன்பேட்டையிலும் போய்ச் சேர்ந்தார்கள். அந்த இரண்டு பேட்டைகளும் சேர்ந்து புதுக் கறுப்பர் நகரமாகின. இடிபட்ட கோயிலுக்குப் பதிலாக, 1760களில் மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் முன்னின்று சென்னகேசவருக்கும் சென்ன மல்லீசுவரருக்கும் பக்கத்துப் பக்கத்தில் கோயில் கட்ட வைத்தார். எங்கள் ஆட்கள் அதைப் பட்டணம் கோயில் என்பார்கள். புரட்டாசியில் திருப்பதிக்குப் போகும் திருக்குடைகள் புறப்படுவது அங்கிருந்துதான்.

1911ல், ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டையொட்டி, ஜார்ஜ் டவுன் என்ற பெயர் வந்தது. பழைய பெயரில் இருந்த அவமானம் போனதில் எனக்குச் சந்தோஷம். அந்த மன்னர் பெயருக்குப் பதிலாக முத்தியால்பேட்டை என்ற பெயரையே முழு ஊருக்கும் வைத்திருந்தால் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன்.

வால்டாக்ஸ் ரோட்டில் என் அண்ணன் பார்சல் ஆபீஸ் வைத்திருக்கிறார். அந்தப் பெயர் எப்படி வந்தது?
*வாசகர், விழுப்புரம்*

வடக்கிலும் மேற்கிலும் புது ஊரைச் சுற்றி ஒரு பெரிய மதில் இருந்தது. 1769ல் ஹைதர் அலியின் குதிரைப்படை பரங்கிமலை வரைக்கும் வந்து, கம்பெனியைப் பணிய வைத்து ஒப்பந்தம் எழுதி வாங்கிக்கொண்டு போனது. அந்தப் பயத்தில் எழுந்த மதில் அது. பால் பென்ஃபீல்ட் என்பவர் அதைக் கட்டும் ஒப்பந்தத்தை எடுத்தார். செலவை ஊர்க்காரர்களிடம் வரியாக வசூலிக்க நினைத்தார்கள். ஊர் கொடுக்கவில்லை. மதில் வரி, அதாவது இங்கிலீஷில் வால் டாக்ஸ். வசூல் ஆகாத அந்த வரி தெருவுக்குப் பெயராக நின்றுவிட்டது. மதிலின் ஒரு துண்டு பழைய ஜெயில் ரோட்டில் இருக்கிறது. அதன் மேல் ஏறிப்போனால் மாடிப் பூங்கா. உங்கள் அண்ணன் ஆபீசிலிருந்து நடந்தே போய்ப் பார்த்துவிடலாம். யானைக்கவுனி என்பதும் அந்த மதிலில் இருந்த ஒரு வாசல்தான்.

கல்யாணப் பத்திரிகை அடிக்க ஆண்டர்சன் தெரு, ஜவுளிக்குக் கோடவுன் தெரு, பேன்சி சாமானுக்கு நாராயண முதலி தெரு. ஒரே சரக்கை ஒரே தெருவில் எல்லாரும் விற்றால் போட்டியில் நஷ்டம் வராதா? எதற்காக இப்படி ஒன்றாக உட்கார்ந்திருக்கிறார்கள்?
*சிறு வியாபாரி, திண்டுக்கல்*

வியாபாரியே கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உங்களைப் போன்றவர்களை வைத்துத்தான் அந்தத் தெருக்களே ஓடுகின்றன. திண்டுக்கல்லில் இருந்து ராத்திரி பஸ் ஏறி விடிகாலையில் வந்து இறங்குகிறீர்கள். அன்று ராத்திரியே திரும்பியாக வேண்டும். சரக்கு பத்து ஊரில் சிதறிக் கிடந்தால் ஒரு பகலில் உங்களால் என்ன வாங்க முடியும்? ஒரே தெருவில் இருந்தால் நாலு கடையில் விலை கேட்டு, ஐந்தாவது கடையில் வாங்கி, மத்தியானத்துக்குள் பார்சல் புக்கிங் போட்டுவிடலாம். பக்கத்தில் துறைமுகம், பீச் ஸ்டேஷன், சால்ட் கோட்டர்ஸ் கூட்ஸ் ஷெட், லாரி ஆபீஸ் எல்லாம் இருந்ததால் சரக்கு வருவதும் போவதும் சுலபமாயிற்று.

அடுத்தது கடைக்காரர்களுக்குள் நடப்பது. நீங்கள் கேட்ட காகிதம் இவரிடம் இல்லை என்றால் இல்லை என்று சொல்ல மாட்டார். "உட்காருங்க, டீ குடிங்க" என்பார். பையன் பின்பக்கமாகப் போய் மூன்றாவது கடையில் வாங்கி வந்துவிடுவான். மாலையில் அவர்கள் கணக்குப் பார்த்துக்கொள்வார்கள். வெளியில் போட்டிபோல் தெரியும் தெரு, உள்ளே ஒரே கிட்டங்கி, அதாவது ஒரே சரக்குக் கிடங்குபோல நடக்கிறது. யாருக்குக் கடன் கொடுக்கலாம், யாருக்குக் கொடுக்கக்கூடாது என்ற தகவல் அரை மணியில் தெரு முழுக்கப் போய்விடும். இந்த ஏற்பாடு தனியாக எங்கோ கடை போட்டவருக்குக் கிடைக்காது.

மூன்றாவதாக லோடுமேன்கள். ஆண்டர்சன் தெருவில் காகித பண்டல் தூக்குகிறவருக்கு அதை எப்படிப் பிடித்தால் ஓரம் மடங்காது என்று தெரியும். நைனியப்ப நாயக்கன் தெருவில் ரசாயனக் கேன் இறக்குகிறவருக்கு எதை எதோடு சேர்த்து வைக்கக்கூடாது என்று தெரியும். ராசப்ப செட்டித் தெரு நாட்டு மருந்துக் கடையில் பொட்டலம் கட்டும் பெரியவர் ஒருவர், சீட்டைப் பார்க்காமலே இது பிரசவ லேகியத்துக்கு, இது கஷாயத்துக்கு என்று பிரித்து வைப்பார். பல வருடம் ஒரே தெருவில் நின்ற கைகளுக்கு மட்டும் வரும் தொழில் இது. புத்தகங்களில் கட்டடத்தைப் படம் போடுகிறார்கள். இந்த மனிதர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு.

இதற்கெல்லாம் அடியில் பழைய காரணம் ஒன்றும் இருக்கிறது, அதையும் மறைக்கக்கூடாது. வலங்கை, இடங்கை என்று சாதிகள் இரண்டு அணியாகப் பிரிந்து, யார் கல்யாண ஊர்வலம் எந்தத் தெருவில் போவது என்று அடித்துக்கொண்ட ஊர் இது. 1707ல் தாமஸ் பிட் கவர்னராக இருந்தபோது சண்டை முற்றி, பெத்தநாயக்கன்பேட்டை வலங்கைக்கு, முத்தியால்பேட்டை இடங்கைக்கு என்று பிரித்து எல்லைக் கல் நட்டார்கள். ஒவ்வொரு சமூகமும் தன் தெரு, தன் கோயில், தன் தொழில் என்று இருந்த வழக்கம் அங்கிருந்து வருகிறது. தம்பு செட்டித் தெருவில் விசுவகர்மாக்களின் காளிகாம்பாள், ராசப்ப செட்டித் தெருவில் பேரிச் செட்டியார்களின் கந்தகோட்டம், கொத்தவால் சாவடியில் ஆரிய வைசியர்களின் கன்னிகா பரமேசுவரி என்று வரிசையாகச் சொல்லலாம். சாதி பிரித்த தெருவில் இன்று யார் வேண்டுமானாலும் கடை போடுகிறார்கள். வியாபாரம் பிரித்த தெரு மட்டும் அப்படியே இருக்கிறது. முதலாவது உடைந்ததும் இரண்டாவது நிலைத்ததும் இரண்டுமே நல்லதுதான்.

இரண்டு பேட்டைக்கும் நடுவில் ஆட்டுப்பள்ளம் என்று ஒரு வடிகால் ஓடியதும், 1780களில் ஸ்டீபன் பாப்பம் என்ற வக்கீல் அந்தப் பள்ளத்தை மேடாக்கி ரோடு போட்டதும் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். அதுதான் பிராட்வே. இப்போது பிரகாசம் சாலை.

ஆர்மீனியன் சர்ச்சில் இப்போது ஆர்மீனியர் யாராவது இருக்கிறார்களா? அவர்கள் ஏன் இங்கே வந்தார்கள்?
*ஆசிரியை, நாகர்கோவில்*

எங்கள் ஆட்கள் அரண்மனைக்காரன் தெரு என்று சொல்லும் ஆர்மீனியன் தெருவில் அந்தக் கோயில் இருக்கிறது. 1712ல் முதலில் கட்டி, பிறகு 1772ல் இப்போதுள்ள இடத்தில் எடுத்துக் கட்டினார்கள். தனியாக நிற்கும் மணிக்கூண்டில் ஆறு மணிகள். தரை முழுக்க ஆர்மீனிய எழுத்து வெட்டிய கல்லறைக் கற்கள். ஆர்மீனியக் குடும்பங்கள் ஊரை விட்டுப் போய் வெகுகாலம் ஆகிறது.

அவர்கள் வியாபாரத்துக்காக வந்தவர்கள். பாரசீகத்தின் ஜுல்பாவிலிருந்து மணிலா வரைக்கும் பட்டும் ரத்தினமும் கொண்டுபோனவர்களுக்குச் சென்னை வழியில் ஒரு நல்ல இடம். அவர்களில் கோஜா பெட்ரூஸ் உஸ்கான் என்பவரைச் சென்னைக்காரர்கள் மறக்கக்கூடாது. சைதாப்பேட்டையில் அடையாற்றுக்குக் குறுக்கே 1726ல் தன் சொந்தப் பணத்தில் பாலம் கட்டினார். பரங்கிமலைக்குப் படிக்கட்டும் போட்டுக் கொடுத்தார். 1751ல் இங்கேயே இறந்தார். அவர் விருப்பப்படி அவர் இதயத்தைப் பெட்டியில் வைத்து ஜுல்பாவுக்கு அனுப்பினார்கள். உடல் சென்னையில், இதயம் பிறந்த ஊரில்.

நீங்கள் ஆசிரியை என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். உலகத்திலேயே முதல் ஆர்மீனியப் பத்திரிகை 1794ல் இந்தச் சென்னையில்தான் அச்சானது. அதற்குப் பெயர் 'அஸ்தரார்'. நடத்தியவர் ஹாரூதியூன் ஷ்மாவோனியன் என்ற பாதிரியார். பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

பவளக்காரத் தெருவிலும் இப்படி ஒரு கதை உண்டு. போர்ச்சுக்கீசிய வழி வந்த யூத வியாபாரிகள் மத்திய தரைக்கடல் பவளத்தை அங்கே இறக்கி, கோல்கொண்டா வைரத்தை வாங்கிக்கொண்டு போனார்கள். அவர்களுக்கு அப்புறம் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் வந்து வட்டிக்கடை வைத்தார்கள். அதே தெருவில் ஏழாம் எண் வீட்டில்தான் 1949 செப்டம்பர் 17ல் திராவிட முன்னேற்றக் கழகம் தொடங்குவதென்று முடிவானது. அடுத்த நாள் ராயபுரம் ராபின்சன் பூங்காவில் பொதுக்கூட்டம். மூன்று வேறு வேறு உலகம் ஒரே தெருவில், ஒரே திண்ணைகளுக்கு முன்னால் நடந்து போயிருக்கிறது.

சங்கீதம் என்றால் மயிலாப்பூர்தானே? ஜார்ஜ் டவுனுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?
*வாசகி, கும்பகோணம்*

அம்மா, நீங்கள் காவிரிக் கரையில் இருந்து கேட்பதால் உரிமையோடு சொல்கிறேன். உங்கள் ஊர்ப் பக்கத்து தியாகராஜ சுவாமிகள் சென்னைக்கு வந்தபோது மயிலாப்பூரில் தங்கவில்லை. 1830களின் பிற்பகுதியில் அவர் வந்து இறங்கியது பந்தர் தெருவில் கோவூர் சுந்தரேச முதலியார் வீட்டில். அங்கிருந்து முதலியார் தன் ஊரான கோவூருக்கு அழைத்துப் போக, அந்த ஊர் ஈசுவரன் மேல் சுவாமிகள் ஐந்து கீர்த்தனைகள் பாடினார். அவருடைய சீடர் வீணை குப்பய்யர் வாழ்ந்தது முத்தியால்பேட்டையில்.

பிறகு வீணை தனம்மாள். 1867ல் ஜார்ஜ் டவுனில் பிறந்தவர், 1938ல் காலமானார். ராமகிருஷ்ணா தெருவில் அவர் வீட்டில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீணை வாசிப்பார். கேட்க வருகிறவர்கள் சத்தம் காட்டாமல் உட்கார வேண்டும். பெரிய வித்வான்களே அங்கே வந்து கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்கள். நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதி அவருடைய பேத்தி. இந்தப் பரம்பரையை வளர்த்தது ஒரு சிறிய வீடும், குறுகலான ஒரு தெருவும்.

சபாக்களும் முதலில் இந்தப் பக்கம்தான் நடந்தன. 1915ல் அன்னி பெசன்ட் ஆர்மீனியன் தெருவில் கட்டிய கோகலே ஹாலில் சுயாட்சிப் பேச்சும் நடந்தது, கச்சேரியும் நடந்தது. வசதியானவர்கள் தெற்கே வீடு கட்டிக்கொண்டு போனபோது சங்கீதமும் அவர்களோடு போயிற்று. எங்கள் தெருக்களில் தனம்மாளுக்கு ஒரு நல்ல நினைவிடம் இல்லை. இருக்க வேண்டும். இதை நான் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இனியும் சொல்வேன்.

கணித மேதை ராமானுஜன் ஜார்ஜ் டவுனில் இருந்தாரா?
*பத்தாம் வகுப்பு மாணவி, காஞ்சிபுரம்*

இருந்தார் கண்ணு. 1912 மார்ச் முதல் தேதி சென்னைத் துறைமுகத்தில் கணக்குப் பிரிவு குமாஸ்தாவாகச் சேர்ந்தார். மாதம் முப்பது ரூபாய் சம்பளம். சைவ முத்தையா முதலி தெருவில் குடியிருந்தார். பகலில் ஆபீஸ் கணக்கு, மற்ற நேரமெல்லாம் தன் கணக்கு. 1913 ஜனவரி 16ந் தேதி கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அடுத்த வருடம் மார்ச்சில் கப்பல் ஏறினார். துறைமுக ஆபீசும் ஜி.பி.ஓ. என்ற தலைமைத் தபால் ஆபீசும் ஒரே கடற்கரைச் சாலையில் இருக்கின்றன. சிஷோம் வடிவமைத்த ஜி.பி.ஓ.வின் சிவப்புக் கட்டடம் 1884லேயே வந்துவிட்டது. அந்த ஒரு கடிதத்தைக் கப்பல் தபாலில் பத்திரமாகக் கொண்டுசேர்த்த துறையில் வேலை பார்த்தேன் என்பது எனக்குப் பெரிய பெருமை.

என் தாத்தா ரங்கூனிலிருந்து வந்தவர். பர்மா பஜார் பற்றி எழுதுங்கள்.
*வாசகர், திருச்சி*

உங்கள் தாத்தாவைப் போல வந்தவர்களுக்கு நானே கடிதம் கொடுத்திருக்கிறேன். 1962ல் பர்மாவில் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். அதற்குப் பிறகு கடைகளையும் கம்பெனிகளையும் அரசாங்கம் எடுத்துக்கொண்டதும், தலைமுறை தலைமுறையாக அங்கே இருந்த தமிழர்கள் கப்பல் கப்பலாக இந்தத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். கையில் கொண்டுவர விட்டது கொஞ்சம். வந்து இறங்கிய இடத்துக்கு எதிரிலேயே நடைபாதையில் கடை போட்டார்கள். 1969ல் பர்மா பஜார் என்று அதை முறைப்படுத்திக் கொடுத்தார்கள். நான் பார்க்கும்போது வெளிநாட்டு டேப் ரிக்கார்டர், செண்ட் பாட்டில், குடை என்று இருந்தது. பிற்பாடு செல்போனும் ஹெட்போனும்.

பஜாரைவிட அவர்கள் கொண்டுவந்த சாப்பாடு எனக்குப் பிடிக்கும். சாயங்காலம் செகண்ட் லைன் பீச் ஓரத்தில் வண்டிகளில் அத்தோ போடுவார்கள். மஞ்சள் நூடுல்ஸைக் கையால் பிசைந்து, முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், பூண்டெண்ணெய், புளித்தண்ணீர், மிளகாய்ப்பொடி எல்லாம் போட்டு, மேலே பேஜோ என்ற மொறுமொறுப்பான வறுவலை நொறுக்கித் தருவார்கள். கூடவே வாழைத்தண்டு சூப். வீட்டில் உங்கள் பாட்டி செய்திருப்பார் அல்லவா? சைவக்காரரான நான் முட்டை இல்லாமல் கேட்பேன். "அண்ணனுக்கு முட்டை வேணாம்" என்று அவர்களே குரல் கொடுத்துவிடுவார்கள். இருந்ததையெல்லாம் இழந்து வந்தவர்கள் ஒரு ருசியைக் காப்பாற்றி, அதை ஊருக்கே பழக்கிவிட்டார்கள். இன்று சென்னையில் எங்கெங்கோ அத்தோ கிடைக்கிறது.

தம்பு செட்டித் தெரு பக்கம் எங்கள் தாத்தா வீடு இருக்கிறது. பங்காளிகள் ஆறு பேர். யாரும் அங்கே குடியில்லை. கிட்டங்கிக்காக ஒருவர் நல்ல விலை தருவதாகச் சொல்கிறார். இடித்துவிட்டு நாலு மாடி கட்டப் போகிறாராம். விற்றுவிடலாமா? உங்கள் அபிப்பிராயம் வேண்டும்.
*வாசகி, பெங்களூர்*

அம்மா, வந்த கேள்விகளில் இதைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். என் மனதில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன்.

நான் வேலையில் சேர்ந்த காலத்தில் என் பீட்டில், அதாவது நான் தபால் கொடுத்த தெருக்களில், ஒரு வீட்டுக்கு இன்லண்ட் லெட்டர், மணியார்டர், பரீட்சை ரிசல்ட், வேலை உத்தரவு, கல்யாணப் பத்திரிகை என்று வரும். கீழே கடை, மேலே குடும்பம். ஒரே மாடிப்படியில் மேலே தெலுங்குக் குடும்பம், நடுவில் குஜராத்திக் குடும்பம், பின்கட்டில் தமிழ்க் குடும்பம் என்று இருப்பார்கள். மேல்விலாசத்தைப் பார்க்கும் முன்பே, எந்த எழுத்தில் எழுதியிருக்கிறது என்பதை வைத்து எந்தக் கதவு என்று தெரிந்துவிடும். வெயிலில் போனால் மோர் கொடுக்காமல் விடமாட்டார்கள். சௌகார்பேட்டையில் தீபாவளிக்கு எனக்கு ஸ்வீட் பாக்கெட் எடுத்து வைக்காத வீடு குறைவு.

நான் ஓய்வு பெறும்போது அதே பீட்டில் கம்பெனிப் பெயருக்கு வரும் கவர்கள்தான் பை முழுக்க. மாலை ஏழு மணிக்கு ஷட்டர் இறங்கினால் தெருவில் விளக்குப் போட ஆள் இல்லை. செல்போனும் கூரியரும் வந்ததால் கடிதம் குறைந்தது, அது எனக்குத் தெரியும். கடிதம் எழுத ஆள் இருந்த வீடே இல்லாமல் போனதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். 1996ல் கொத்தவால் சாவடி காய்கறி மொத்த மார்க்கெட் கோயம்பேட்டுக்குப் போனபோது நெரிசல் குறையும், வீடுகளுக்கு மூச்சு வரும் என்று எல்லாரும் நினைத்தோம். நெரிசல் கொஞ்சம் குறைந்தது. ஆனால் குடியிருந்தவர்கள் திரும்பி வரவில்லை. அவர்கள் இடத்துக்குக் கிட்டங்கி வந்தது.

ஒரு வீடு கிட்டங்கியானால் என்ன ஆகும் என்று நான் பார்த்ததைச் சொல்கிறேன். முதலில் முற்றத்துக்குக் கூரை போடுவார்கள். காற்று நிற்கும். அப்புறம் திண்ணையை உடைப்பார்கள். பக்கத்து வீட்டுக்குப் பொதுச்சுவர் என்பதால் இந்தச் சுவரை அசைத்தால் அந்தச் சுவர் விரிசல் விடும். அங்கே குடியிருக்கும் வயதானவர்கள் பயந்து காலி செய்வார்கள். பிறகு அதுவும் கிட்டங்கி. வரிசையில் ஒரு வீடு போனால் பக்கத்து வீடுகளும் ஒவ்வொன்றாகப் போகும்.

அதனால் என் அபிப்பிராயம், இடிக்கக் கொடுக்காதீர்கள். உங்களுக்குப் பணம் தேவைப்படலாம், ஆறு பேருக்கும் ஒரே மனம் இருக்காது. அதைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் முடிவெடுக்கும் முன் இதையெல்லாம் பாருங்கள். மூலப் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றிதழையும் எடுத்து வையுங்கள். பழைய எண், புதிய எண் இரண்டும் பத்திரத்தில் ஒத்துப்போகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இந்தத் தெருக்களில் அதில் வரும் குழப்பம் எனக்கு நன்றாகத் தெரியும். அப்புறம் பழைய கட்டடத்தில் அனுபவம் உள்ள ஒரு பொறியாளரை அழைத்துக் காட்டுங்கள். மேலே மெட்ராஸ் டெரஸ் தளமாக இருக்கும். தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல்லை நிறுத்தி அடுக்கி, சுண்ணாம்புச் சாந்தும் செங்கல் ஜல்லியும் போட்டு இடித்துக் கெட்டிப்படுத்தியது. மழைநீர் இறங்காமல் பார்த்துக்கொண்டால் நூறு வருடம் கடந்தும் நிற்கும். ஒழுகுகிறது என்பதற்காக மேலே சிமெண்ட் பூசிவிடாதீர்கள். சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசினால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியே வர வழி இல்லாமல் சுவரே உதிரும். பல நல்ல வீடுகள் இப்படிப் போயின. பழுது பார்க்கும்போதும் சுண்ணாம்பையே போடுங்கள், வேலை தெரிந்த கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கீழே கடைக்கு வாடகைக்கு விட்டு, மேலே குடும்பத்துக்குக் கொடுத்தால் வீடு தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ளும். உயர் நீதிமன்றத்தில் பழகும் இளம் வக்கீல்கள், மண்ணடியில் வேலை பார்ப்பவர்கள் பக்கத்தில் வீடு தேடுகிறார்கள். 2019ல் மண்ணடியிலும் உயர் நீதிமன்றத்திலும் மெட்ரோ ஸ்டேஷன் வந்தபின் போக்குவரத்தும் சுலபம். விற்றே ஆக வேண்டும் என்றால், குடியிருக்க வாங்குகிறவர் ஒருவரையாவது தேடிப் பார்த்துவிட்டு விற்றுவிடுங்கள். விலை கொஞ்சம் குறையலாம்.

கோயில்களும் கோர்ட்டும் எப்படியும் நிற்கும். அவற்றைக் காப்பாற்ற ஆள் இருக்கிறார்கள். ராத்திரி எட்டு மணிக்குக் குக்கர் சத்தம் கேட்கும் வீடுகள் இருந்தால்தான் அது ஊர். அதைக் காப்பாற்ற உங்களைப் போன்ற பங்காளிகளைத் தவிர வேறு யாரும் இல்லை.

குடும்பத்தோடு ஜார்ஜ் டவுனைச் சுற்றிப் பார்க்க வேண்டும். எந்த நாள், எங்கே ஆரம்பிக்கலாம்?
*வாசகர், வேலூர்*

ஞாயிற்றுக்கிழமை காலை. மொத்தக் கடைகள் மூடியிருக்கும், மீன்பாடி வண்டிகளுக்கு இடையில் புகுந்து போக வேண்டியதில்லை, தலையை நிமிர்த்தி மாடிகளைப் பார்க்கலாம். மின்சார ரயிலில் பீச் ஸ்டேஷனில் இறங்கி, ஜி.பி.ஓ.வைப் பார்த்துவிட்டு, தம்பு செட்டித் தெருவில் காளிகாம்பாளைக் கும்பிடுங்கள். 1677ல் சத்ரபதி சிவாஜி வந்து வணங்கியதாக அங்கே சொல்வார்கள். பிறகு ஆர்மீனியன் தெரு, பாரிமுனைத் தூண், அதற்கு அப்புறம் ஏதென்ஸ் கோயில் மாதிரியில் 1850ல் முடிந்த பச்சையப்பன் மண்டபம். பட்டணம் கோயில் வழியாகத் தங்கசாலைத் தெருவுக்குள் போனால் காலை டிபனுக்கு ஜிலேபியும் கச்சோரியும் கிடைக்கும். பிள்ளைகள் களைத்துப்போகவில்லை என்றால் ஏழுகிணறு வரை நடந்து, வள்ளலார் வாழ்ந்த வீராசாமி தெருவையும் பார்த்துவிடலாம். பூ வாங்குவதாக இருந்தால் பத்ரியன் தெருவுக்கு முதலிலேயே போய்விடுங்கள். வெயில் ஏறிவிட்டால் நல்ல சரக்கு தீர்ந்துவிடும். தண்ணீர் பாட்டிலும் குடையும் எடுத்துக்கொள்ளுங்கள்.